உங்க லேப்டாப்பில் அழகா இருக்கிற ஃபான்ட், ரிவ்யூ ஹாலில் எப்படி இருக்கும்?

பிராஜெக்ட் ரிவ்யூ, சிம்போசியம் போஸ்டர், டிபார்ட்மென்ட் மேகசின் அட்டை, கல்ச்சுரல்ஸ் அழைப்பிதழ். எந்த வேலையா இருந்தாலும் நம்மில் பலர் முதலில் உட்காருவது ஃபான்ட் தேடத்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்து, நாற்பது ஃபான்ட் டவுன்லோட் பண்ணி, பத்துப் பதினைந்து டெம்ப்ளேட் மாற்றி, ரெண்டு மணிக்கு ஒன்றை முடிவு செய்வோம். உள்ளே என்ன எழுதுவது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வரும்.

ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும்போது அம்மாக்கள் செய்யும் ஒரு வேலையைக் கவனித்திருப்பீங்க. கடை விளக்கு வெளிச்சத்தில் எவ்வளவு நல்லா இருந்தாலும், வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் பில் போடச் சொல்வாங்க. ஃபான்டுக்கும் டெம்ப்ளேட்டுக்கும் இதே விதிதான். டவுன்லோட் பக்கத்தில் அதற்கென்றே பொறுக்கி எடுத்த வார்த்தையில், பொறுக்கி எடுத்த நிறத்தில் காட்டுவாங்க. நீங்க அதைப் பார்க்க வேண்டியது வேலை நடக்கப்போகிற இடத்தில்: உங்க தலைப்பின் எழுத்துகளில், உங்க செமினார் ஹால் திரையில், உங்களுடையது அல்லாத ஒரு கம்ப்யூட்டரில். இந்த மூன்று சோதனையையும் எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம். கடைசியில் உரிமம் பற்றியும் கொஞ்சம் பேசணும்.

முதல் கேள்வி: அந்த ஃபான்டுக்குள் தமிழ் இருக்கா?

லாப்ஸ்டர், பசிஃபிகோ மாதிரி பிரபலமான அலங்கார ஃபான்டுகளில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஆனாலும் அவற்றைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் டைப் செய்தால் தமிழ் வரத்தான் செய்யும். காரணம், ஃபான்டில் இல்லாத எழுத்தைக் கேட்டால் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் வேறொரு ஃபான்டிலிருந்து கடன் வாங்கிப் போட்டுவிடும். விண்டோஸ் 8-க்குப் பிறகு அது பெரும்பாலும் நிர்மலா யூஐ. ஆக மெனுவில் லாப்ஸ்டர் என்று காட்டும், திரையில் இருப்பது நிர்மலா. 'ஃபான்ட் மாத்தினேன், மாறவே இல்லையே' என்று கேட்பவர்களுக்கு பதில் இதுதான்.

அடுத்த சிக்கல் பழைய தமிழ் ஃபான்டுகள். பாமினி, வானவில் அவ்வையார் போன்றவை யூனிகோடு பரவுவதற்கு முன்னால் வந்தவை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பாங்க. பாமினியில் 'அம்மா' என்று தெரிவது, கோப்புக்குள் உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து கீகள்தான். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் இந்த ஐந்தும் அப்படியே ஆங்கிலமாக வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் அதே கதி. தேடலும் வேலை செய்யாது. ஒரு பழைய ஃபான்டின் கீ வரிசை இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பது கூடுதல் தலைவலி.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு, அதனால் ஃபான்ட் மாறினாலும் எழுத்து மாறாது. தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றுக்கொண்டது. புதுசா ஒரு வேலை ஆரம்பிக்கிறீங்கன்னா பழைய ஃபான்டைத் தொடவே வேண்டாம். சீனியர் கொடுத்த கோப்பு பாமினியில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிட்டு பிறகு வேலையைத் தொடங்குங்க.

உங்க வார்த்தைகளை வைத்துச் சோதிங்க

'தமிழ்', 'வணக்கம்' என்ற வார்த்தைகளில் எல்லா ஃபான்டும் அழகாத்தான் இருக்கும். பொறியியல் மாணவனுக்கு அது போதாது. நுண்ணறிவு, மின்னூட்டம், ஹைட்ரஜன், கொள்ளளவு, ஒளியியல், சூழலியல் என்று ஒரு வரி டைப் செய்து பாருங்க. கவனிக்க வேண்டியவை:

1. ர-வும் துணைக்காலும் வேறாகத் தெரிகிறதா? 'காரம்' என்று எழுதினால் உடனே புரியும்.

2. எ, ஏ வித்தியாசமும் ஒ, ஓ வித்தியாசமும் தூரத்திலிருந்து தெரிகிறதா? அலங்காரச் சுழிகளில் முதலில் காணாமல் போவது இந்த வித்தியாசம்தான்.

3. புள்ளி தனியாக நிற்கிறதா, இல்லை மேலே இருக்கும் வரியின் காலில் போய் ஒட்டிக்கொள்கிறதா? புள்ளி போய்விட்டால் 'மின்' என்பது 'மின' ஆகிவிடும்.

4. ஜ, ஹ, ஸ்ரீ, ஃ இருக்கா? ரூபாய்க் குறி, ஓம் குறி, டிகிரி குறி இருக்கா? ரூபாய்க் குறி யூனிகோடில் சேர்ந்ததே 2010-ல்தான். அதற்கு முந்தைய ஃபான்டுகளில் அது இருக்காது. இல்லாத குறி கட்டமாக வரும், அல்லது வேறு ஃபான்டிலிருந்து வந்து பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

5. தடித்த எழுத்து நிஜமாகவே இருக்கா? பல அலங்கார ஃபான்டுகளில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. நீங்க போல்டு பட்டனை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைச் சுற்றி மை பூசிய மாதிரி தானே பருமனாக்கிவிடும். தமிழ் எழுத்துகளின் சின்னச் சுழிகள் அதில் அடைந்துபோகும்.

பழைய சினிமா போஸ்டர் தோற்றம் வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவாங்க. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு லை, ளை, னை போன்றவை துதிக்கை மாதிரி வளைந்த வேறு வடிவத்தில் இருந்தன. அந்த வடிவத்தைத் தலைப்பில் ஒரே ஒரு இடத்தில் பயன்படுத்தினால் அழகு. உள்ளே முழுக்கப் போட்டால் ஃபர்ஸ்ட் இயர் பசங்க எழுத்துக் கூட்டித்தான் படிக்கணும்.

எதை எங்கே வைக்கலாம்?

கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டினால் கிடைப்பவற்றில் சில:

சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் போஸ்டர் தலைப்புக்கு: பலூ தம்பி 2, காய்னி. ரெண்டும் உருண்டு திரண்ட எழுத்துகள், தூரத்திலிருந்தே கண்ணில் படும். காய்னியில் ஒரே தடிமன்தான்.

அழைப்பிதழ், கவிதைப் பக்கம், சான்றிதழ் தலைப்புக்கு: கவிவனார், அரிமா. கவிவனார் கையெழுத்துச் சாயலில் சற்றே சாய்ந்து நிற்கும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. ஒரே தடிமன்தான் என்பதால் போல்டு செய்யாதீங்க.

ஸ்லைடின் உள்பகுதிக்கு: முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ். அலங்காரம் எதுவும் இல்லாத, உழைக்கும் எழுத்துகள். தலைப்பு, உள்பகுதி ரெண்டையும் ஒரே குடும்பத்தில் முடிக்க நினைத்தால் கேட்டமரன் (நம்ம கட்டுமரம்தான் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்திருக்கு) அல்லது அனெக் தமிழ். மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை பல தடிமன்கள் இதில் கிடைக்கும்.

பொதுவான கணக்கு: ஒரு வேலைக்கு ரெண்டு ஃபான்ட். ஒன்று அலங்காரம், ஒன்று சாதாரணம். அலங்காரமானது தலைப்பில், அதிகம் போனால் ஐந்தாறு வார்த்தைகளில் நின்றுவிடணும். கிராஃபின் அச்சுப் பெயர்கள், டேபிள், ஃப்ளோசார்ட், சர்க்யூட் படம் ஆகியவற்றின் பக்கம் அது போகவே கூடாது. புரோகிராம் வரிகளுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலம் உள்ள ஃபான்ட் போடுங்க. ஆங்கில ஓ-வும் பூஜ்யமும், எல்-லும் ஒன்றும் குழம்பினால் பேனலில் இருப்பவர் உங்க கோடே தப்பு என்று நினைத்துவிடுவார்.

எழுத்தின் குணமும் விஷயத்தின் குணமும் ஒத்துப்போகணும். 2012 ஜூலை 4-ஆம் தேதி செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் துகள் பற்றிய அறிவிப்பு வந்தது. அட்லஸ் குழு சார்பில் ஃபாபியோலா ஜியானோட்டி காட்டிய ஸ்லைடுகள் காமிக் சான்ஸ் எழுத்தில் இருந்தன. அப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு நடந்த நாளிலும், இணையத்தில் ஒரு கூட்டம் அந்த ஃபான்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அவங்களுக்கு ஹிக்ஸ் போசான் இருந்தது, தப்பித்துவிட்டாங்க. நம்ம கையில் இருப்பது மினி பிராஜெக்ட்.

போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறுதா?

போஸ்டர் செய்யும்போது 'கெ' என்று டைப் செய்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் உட்காருதா? 'கொ' உடைந்து மூன்று துண்டாக வருதா? குற்றம் ஃபான்ட் மேல் இல்லை. போட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸ், டைப் என்று போய், உங்க பதிப்பில் டெக்ஸ்ட் எஞ்சின் என்ற இடம் இருந்தால் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்க. பழைய பதிப்புகளில் இதன் பெயர் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன். பிறகு போட்டோஷாப்பை மூடித் திறந்து, புதிய கோப்பில் டைப் செய்து பாருங்க. இது தெரியாமல்தான் பலர் இன்னும் பழைய ஃபான்டுகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்காங்க.

ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றிக் கொடுத்துடுங்க. எழுத்து வெறும் வரைபடமாகிவிடுவதால் கடைக்காரரிடம் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை, அவர் மறுபடி டைப் செய்யும்போது வரும் எழுத்துப்பிழையும் இல்லை. எழுத்தாக இருக்கும் ஒரிஜினல் கோப்பைத் தனியா வைத்துக்கோங்க. சீஃப் கெஸ்ட் பெயர் கடைசி நேரத்தில் மாறும்!

கடைசி பெஞ்ச் கணக்கு

உங்க செமினார் ஹாலில் திரை 1.5 மீட்டர் உயரம், கடைசி வரிசை 12 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதாவது கடைசி வரிசைக்காரர் திரை உயரத்தைப்போல் 8 மடங்கு தூரத்தில் இருக்கார். 15.6 அங்குல லேப்டாப்பின் திரை உயரம் சுமார் 19 சென்டிமீட்டர். அதன் 8 மடங்கு ஏறக்குறைய 1.5 மீட்டர், அதாவது 5 அடி. ஸ்லைடை முழுத்திரையில் போட்டுவிட்டு 5 அடி பின்னால் போய் நின்று படிங்க. உங்களால் படிக்க முடியாததை அவராலும் படிக்க முடியாது. உங்க ஹாலின் அளவை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கலாம்.

புரொஜெக்டரின் வடிவமும் முக்கியம். பவர்பாயின்ட் 2013 முதல் புதிய ஸ்லைடு தானாகவே 16:9 அளவில்தான் திறக்கும். பழைய ஹால்களில் புரொஜெக்டர் 4:3 ஆக இருக்கலாம். 16:9 ஸ்லைடை அதில் போட்டால் அகலம் நிரம்பும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், உயரத்தில் நாலில் மூன்று பங்குதான் பயன்படும். நீங்க 24 பாயின்ட் வைத்த எழுத்து, 4:3 ஸ்லைடில் 18 பாயின்ட் வைத்த மாதிரி சுருங்கிவிடும். வேலையைத் தொடங்கும் முன்பே ஹால் புரொஜெக்டர் எந்த வகை என்று லேப் அசிஸ்டென்ட்டிடம் கேட்டு வைத்துக்கோங்க. முடித்த பிறகு அளவை மாற்றினால் படங்களும் எழுத்தும் இடம் மாறிவிடும்.

இனி நிறம். கறுப்புப் பின்னணியில் நியான் வெளிச்சம் வீசும் டெம்ப்ளேட்டுகள் லேப்டாப்பில் அசத்தும். ஆனால் புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, அதனால் முடிந்தது ஒளி வீசாமல் இருப்பது மட்டும்தான். திரையில் நீங்க பார்க்கும் கறுப்பு என்பது அறை வெளிச்சம் பட்ட வெள்ளைத் திரைதான். லைட் எரியும் ஹாலில் அது சாம்பலாகிவிடும், மெல்லிய அலங்கார எழுத்து அதில் கரைந்து போகும். லைட்டை அணைப்பாங்க என்ற உறுதி இல்லாத இடத்தில், வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்துதான் பாதுகாப்பு. வலைத்தளங்களுக்கான அணுகல் நெறிமுறையில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 ஒளி வேறுபாடு கேட்பாங்க. வெள்ளை மேல் மஞ்சள் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 1.07 மட்டும்!

டெம்ப்ளேட் உங்களுக்காக முடிவெடுக்க விடாதீங்க

டெம்ப்ளேட் என்பது வெறும் பின்னணிப் படம் இல்லை. எது தலைப்பு, எது பெரிய எழுத்து, எது புள்ளி போட்ட துணைவரி, எது அதற்கும் கீழே என்ற வரிசையை அது முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கு. உங்க விஷயத்தை அதற்குள் ஊற்றினால், முக்கியமானது கீழே போய்விட வாய்ப்பு அதிகம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2003 ஜனவரி 16-ல் கிளம்பிய கொலம்பியா விண்கலத்தின் இடது இறக்கையில், புறப்பட்ட சுமார் 82 விநாடியில் எரிபொருள் தொட்டியின் நுரைத்துண்டு ஒன்று மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் ஆபத்து உண்டா என்று ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தாங்க. அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. கீழே படிப்படியாக உள்ளே தள்ளிய புல்லட்டுகள். சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. இந்த விவரம் இருந்தது ஸ்லைடின் அடியில், கடைசி வரியில். பிப்ரவரி 1-ல் பூமிக்குத் திரும்பும்போது கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தாங்க. விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடையே எடுத்துக் காட்டி, பொறியியல் அறிக்கைகளுக்குப் பதில் ஸ்லைடுகளை நம்பும் பழக்கத்தைக் கண்டித்தது. விபத்துக்கு ஸ்லைடு காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தெரிய வேண்டியவர் கண்ணில் தெரிய வேண்டியது படவில்லை.

அதனால் வேலையைத் தலைகீழாகச் செய்யுங்க. முதலில் வெள்ளை ஸ்லைடில், நிர்மலா யூஐ-யில் விஷயத்தை மட்டும் எழுதுங்க. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பிலும் முடிவையே சொல்லுங்க. 'முடிவுகள்' என்று போடுவதைவிட 'புதிய வடிகட்டி இரைச்சலைப் பாதியாகக் குறைத்தது' என்று போட்டால், ஒரு நிமிஷம் கவனம் சிதறியவருக்கும் செய்தி போய்ச் சேரும். பிறகு டெம்ப்ளேட் தேடுங்க. உங்க பெரிய கிராஃபுக்கும் நீளமான தமிழ்த் தலைப்புக்கும் இடம் கொடுக்கிறதா என்று பாருங்க. தமிழ் வார்த்தைகள் நீளம், மேலும் கீழும் கொக்கிகள் உண்டு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் அவை ரெண்டு வரியாக உடைந்து, கீழ்வரியில் முட்டும்.

அலங்காரத்தை ஒவ்வொரு ஸ்லைடிலும் கையால் மாற்றிக்கொண்டிருக்காதீங்க. வியூ மெனுவில் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்து, தலைப்பு ஃபான்ட், உள்பகுதி ஃபான்ட், காலேஜ் லோகோ எல்லாவற்றையும் அங்கே ஒரே தடவை வைத்தால் நாற்பது ஸ்லைடும் மாறும். கைடு கடைசி நிமிஷத்தில் 'கலர் மாத்துப்பா' என்றாலும் பயம் இல்லை.

அடுத்தவங்க கம்ப்யூட்டரில் திறக்குமா?

ரிவ்யூ அன்று பெரும்பாலும் ஹாலில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் எல்லா டீமின் கோப்பும் வரிசையாக ஓடும். உங்க ஃபான்ட் அதில் இருக்காது. லதா எல்லா இடத்திலும் இருக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லாது. விண்டோஸ் 10-ல் லதாவும் விஜயாவும் தமிழுக்கான கூடுதல் ஃபான்ட் தொகுப்புக்குப் போய்விட்டன.

வழி ரெண்டு. ஒன்று, பவர்பாயின்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' என்பதை டிக் செய்யுங்க. ஃபான்ட் கோப்புக்குள்ளேயே பயணம் செய்யும். ஃபான்டை உருவாக்கியவர் அதற்கு அனுமதி வைத்திருக்கணும். விண்டோஸில் ஃபான்ட் கோப்பின் பிராப்பர்டீஸ், டீடெயில்ஸ் பகுதியில் அந்த அனுமதி தெரியும். ரெண்டு, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்து அதே பென்டிரைவில் போடுங்க. அனிமேஷன் போகும், எழுத்து போகாது.

கடைசியாக, உரிமம்

'ஃப்ரீ டவுன்லோட்' என்று இருப்பதெல்லாம் இலவசம் இல்லை. பல அலங்கார ஃபான்டுகளோடு வரும் குறிப்பில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கும். வகுப்பு அசைன்மென்ட் வேறு. ஸ்பான்சர் லோகோ போட்ட சிம்போசியம் போஸ்டர், விற்கப்போகும் டீ-ஷர்ட், பிளே ஸ்டோரில் ஏற்றும் ஆப், நாளைக்குக் கம்பெனியாகப் பதிவாகக்கூடிய ஸ்டார்ட்அப்பின் லோகோ எல்லாம் வேறு. மேலே சொன்ன கூகுள் ஃபான்ட்ஸ் தமிழ் எழுத்துகள் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், ஆப்புக்குள் வைக்கலாம், மாற்றவும் செய்யலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. டெம்ப்ளேட்டுக்கும் நிபந்தனை உண்டு. ஸ்லைட்ஸ்கோ மாதிரி தளங்களில் இலவசமாக எடுத்தால், வடிவமைத்தவருக்கு நன்றி சொல்லும் வரிகளை நீக்கக் கூடாது. ஜிப் கோப்புக்குள் இருக்கும் உரிமக் குறிப்பை ரெண்டு நிமிஷம் படிச்சிடுங்க, அந்தக் குறிப்பையும் பிராஜெக்ட் ஃபோல்டரிலேயே சேமித்து வையுங்க.

ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹால் சாவி வாங்கி, டீமில் ஒருத்தரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, எல்லா லைட்டையும் போட்டு, அந்த ஹால் கம்ப்யூட்டரிலேயே ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாருங்க. பத்து நிமிஷம் போதும். ஏதாவது கட்டம் கட்டமா வந்தால் சரி செய்ய ஒரு ராத்திரி முழுக்க மிச்சம் இருக்கும்.